நல்லது சொல்லத் தயங்கும் நாவு

பாபநாசத்துக்கு மேலே, பொருநையாறு பாறைகளுக்கிடையே பாய்ந்து விழுமிடத்தில் கல்யாண தீர்த்தம் உள்ளது. அம்பாசமுத்திரம் வட்டாரத்து மக்களுக்கு நன்கு பழக்கமான இடம். 1925ஆம் ஆண்டு ஜூன் திங்களின் தொடக்கத்தில் அங்கே ஒரு தந்தையும் மகளும் நீரில் மாண்டனர். தவறி விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றக் குதித்த அந்தத் தந்தை வ.வே.சு. ஐயர். அவருக்கு அப்போது வயது 44.

திருச்சி வரகனேரியில் பிறந்து, இயேசு சபைக் குருக்கள் நடத்திய தூய வளனார் கல்லூரியில் பயின்றவர். இலண்டனுக்குச் சட்டம் படிக்கச் சென்று, புரட்சியாளராகி, 1910இல் புதுச்சேரிக்குத் தப்பி வந்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். பெல்லாரிச் சிறையிலிருந்தபடி கம்பனைப்பற்றி நூலெழுதினார். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளுள் ஒருவரானார்.

இவரைப்பற்றி நம் பகுதியில் இருவரிடம் பேசிப் பாருங்கள். ஒருவர் குறளையும் கம்பனையும் சொல்லிவிட்டு, சேரன்மாதேவி என்றதும் பேச்சை மாற்றுவார். மற்றவர் சேரன்மாதேவியில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுவார். ஒருவரே இரண்டையும் சேர்த்துச் சொல்லி நாம் கேட்டது அரிது. ஏன் அப்படி?

நடந்ததைச் சற்று விரிவாகவே பார்ப்போம். 1922இல் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிப் பின் சேரன்மாதேவிக்கு மாற்றப்பட்டது ஐயரின் குருகுலம். தாய்மொழியில் கல்வி, கைத்தொழில், உடற்பயிற்சி, நாட்டுப்பற்று என்று நல்ல நோக்கங்கள் பல. தமிழ்நாட்டுக் காங்கிரசு 10,000 ரூபாய் தர இசைந்து 5,000 ரூபாய் கொடுத்தது. ஆனால் அங்கே பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியாக உணவு படைக்கப்பட்டது. பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு என்றார் ஐயர். அவர் தாமே எல்லாருடனும் அமர்ந்து உண்பவர்தாம். எனினும் பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியில் பந்தி பிரிப்பதா என்று வரதராசுலு நாயுடுவும் ஈ.வெ. இராமசாமியும் கேட்டனர். நியாயமான கேள்வி, இன்று கேட்டாலும் நியாயமே. வழக்கு காந்தியடிகள்வரை சென்றது. ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். சில வாரங்களில் அருவி அவரைக் கொண்டுபோயிற்று. அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் ஈ.வெ.ரா. காங்கிரசைவிட்டு வெளியேறினார்.

ஐயரைப் புகழ்ந்தால் தனிப்பந்தியை ஆதரித்ததாகிவிடுமோ என்று ஒரு சாரார் அஞ்சினர். அவரை எதிர்த்தோரின் நேர்மையை ஒப்புக்கொண்டால் அவருடைய தொண்டே பொய்யாகிவிடுமோ என்று மறுசாரார் அஞ்சினர். பிறரைப்பற்றி நல்லது சொல்லத் தடையாயிருப்பது பொறாமை ஒன்றே என்று மேடைகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பொறாமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இங்கே பெரிதாயிருந்தது கட்சியச்சம் என்றே நமக்குத் தோன்றுகிறது. ஒருவரின் நற்பண்பைச் சொல்வது அவர் தரப்புக்குச் சாட்சி சொல்வதுபோல் ஆகிவிடுகிறது; நம் தரப்பார் என்ன நினைப்பாரோ என்று நாவு பின்வாங்குகிறது. பங்குப்பேரவைத் தேர்தல் முடிந்த மறுநாள் கோயில் வாசலில் நின்று கேட்டவர்களுக்கு இது புதிதன்று.

கத்தோலிக்கர் நாம் சேரன்மாதேவியைச் சுட்டிக் கைகாட்டும்முன் வடக்கன்குளத்தை நினைக்கவேண்டும். அங்கே 19ஆம் நூற்றாண்டில் எழுந்த கோயில் இரு பகுதிகளாகவே கட்டப்பட்டது. வேளாளருக்கு ஒரு பக்கம், நாடார் முதலிய பிறருக்கு மறுபக்கம். பலிபீடம் மட்டும் இருவருக்கும் பொது. பிரித்து நின்ற தடுப்பு 1910இல் அகற்றப்பட்டபோது, அது தங்கள் உரிமை என்று வேளாளக் கிறிஸ்தவர்கள் நீதிமன்றம் ஏறினர். சென்னை உயர்நீதிமன்றமும் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை. ஐயர் உணவில் பந்தி பிரித்தார்; நாமோ திருப்பலியிலேயே பிரித்திருந்தோம். ஆயினும் அக்கோயிலைக் கட்டிய குருக்களின் உழைப்பையும் செபத்தையும் நன்றியோடு பேசுகிறோம், பேசவும் வேண்டும். நம்மவர்க்கு இந்தத் தாராளம் எளிதாய் வருகிறது. வெளியாருக்கு மட்டும் ஏன் வருவதில்லை?

1992இல் திருச்சபை வெளியிட்ட மறைக்கல்வி ஏடு, எட்டாம் கட்டளையை விளக்குமிடத்தில், பொய் சொல்லிப் பிறர் பெயரைக் கெடுப்பதையும், உண்மையான குறையைத் தக்க காரணமின்றி அறியாதவரிடம் பரப்புவதையும் தனித்தனிப் பாவங்களாகக் காட்டுகிறது. இரண்டாவதை நம்மில் பலர் பாவமென்று எண்ணுவதேயில்லை. 'உள்ளதைத்தானே சொன்னேன்' என்போம். புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளின் தொடக்கத்தில் வேறொன்று கேட்கிறார்: அயலான் சொன்னதற்கு முதலில் நல்ல பொருள் காண முயலுங்கள், முடியாவிட்டால் அவரிடமே கேளுங்கள், தவறாயிருந்தால் அன்போடு திருத்துங்கள். திருத்துவதை அவர் விலக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். தனிப்பந்தி தவறு என்று சொல்லியே ஆகவேண்டும். அதைச் சொன்ன வாய் அந்த மனிதரின் தமிழையும் சொல்ல முடியுமா என்பதே கேள்வி.

வள்ளுவர் புறங்கூறாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஐயர் அதையும் மொழிபெயர்த்தார். 1925இல் அவரைத் தாக்கியவர்களும் தாங்கியவர்களும் அதே குறளைப் படித்து வளர்ந்தவர்கள்தாம்.