ஒரே மீட்டில் பல ஸ்வரம்: கிதாருக்குள் கமகம் வந்த வழி

கிதாரில் ஒரு முறை மீட்டிவிட்டு, இடக்கை விரல்களால் மட்டுமே பல ஸ்வரங்களை அறுபடாமல் எழுப்புவது லெகாட்டோ. தந்தியைத் தட்டி மேல் ஸ்வரம் பெறுவது ஹேமர்-ஆன், விரலால் சுண்டி விட்டுக் கீழ் ஸ்வரம் பெறுவது புல்-ஆஃப். விரலைத் தந்தியில் வழுக்கும் ஸ்லைடும், தந்தியை இழுத்து வளைக்கும் பெண்டும் இவற்றுடன் சேரும். மேற்கே இதைக் கரைகண்டவர் ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த் (1946–2017). தமிழ்நாட்டு வீணைக்காரர்களுக்கோ இந்த வேலைகள் பழகியவை, எழுத்திலும் ஏறியவை.

1904-ல் எட்டயபுரத்தில் தெலுங்கு எழுத்தில் வெளிவந்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் சுப்பராம தீட்சிதர், ஸ்வரத்தை அசைத்தும் இழைத்தும் எழுப்பும் ஒவ்வொரு கமகத்துக்கும் தனிப் பெயரும் குறியும் தந்தார். தந்தியில் வழுக்கிச் செல்வது ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு. ஒரே மெட்டில் (ஃபிரெட்) தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து மேல் ஸ்வரம் காட்டுவது ஒதுக்கல். ஏறும் இரட்டை ஸ்வரத்தில் இரண்டாவதை விரலால் அடித்து அழுத்துவது ஸ்புரிதம்; இறங்கும்போது வருவது பிரத்யாகதம். ஜண்டை வரிசை படிக்கும் சிறுவர்கள் பெயர் தெரியாமலேயே பழகுவது இதைத்தான். சுப்பராம தீட்சிதரின் பாட்டனார் பாலுசாமி தீட்சிதர், பிடிலைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவராகப் போற்றப்படுபவர். மேலைக் கருவியைத் தயங்காமல் கையிலெடுத்த குடும்பம் அது.

பிடில் அன்றே ஒட்டிக்கொண்டது. கிதாருக்கு நெடுங்காலம் ஆனது. காரணம் கருவியின் கட்டமைப்பு. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின் மேல் உயர்ந்து நிற்பதால் தந்தியை நன்றாக இழுக்க இடமுண்டு. கிதாரின் மெட்டுகள் பலகையோடு ஒட்டிக் கிடப்பவை. கனத்த தந்தி வளையாது, நாதமும் சீக்கிரம் ஓய்ந்துவிடும். மெல்லிய தந்தியும் மின்பெருக்கியும் வந்தபின்தான் நிலைமை மாறியது. 1970களில் ‘சக்தி’ இசைக்குழுவை அமைத்த கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர். மெட்டுகளுக்கிடையே மரத்தைக் குடைந்தெடுத்த கிதாரை அவர் கையாண்டதில் வீணையின் தர்க்கம் தெரிகிறது. யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) மாண்டலினின் இரட்டைத் தந்திகளைக் கைவிட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகளோடு மின் மாண்டலின் வாசித்தார். சேர்ந்தாற்போல் இரண்டு தந்திகளை ஒரே சுருதியில் இழுப்பது யாருக்கும் பாடுதான். மின் கிதாரில் கச்சேரி மேடைக்கு முதலில் வந்தவர்களில் சுகுமார் பிரசாத் குறிப்பிடத்தக்கவர்.

ஆனால் லெகாட்டோவால் மட்டும் கமகம் வந்துவிடாது. சிக்கல் எங்கே என்பதற்குத் திருவண்ணாமலைக்கு உரிய கீர்த்தனையே சான்று. பஞ்சபூதத் தலங்களைப் பாடிய முத்துசுவாமி தீட்சிதர், அருணாசலேசுவரர் மேல் ‘அருணாசலநாதம்’ என்பதைச் சாரங்க ராகத்தில் அமைத்தார். அவரே வைணிகர். ராகத்தின் உயிர்ப்பிடி ‘ரி க ம ரி ஸ’. கிதாரில் சுட்டுவிரலை ரிஷபத்தில் ஊன்றி, காந்தாரத்தையும் மத்யமத்தையும் அடுத்தடுத்த விரல்களால் தட்டி, மத்யமத்திலிருந்து சுண்டினால் மீண்டும் ரிஷபம். அங்கிருந்து ஷட்ஜத்துக்கு வழுக்கினால் பிடி முடிந்துவிடும். மீட்டு ஒன்றே, ஸ்வரமும் சுத்தம். ஆனாலும் படிக்கட்டில் இறங்குவதுபோல்தான் கேட்கும். காந்தாரத்தைத் தட்டாமல், ஒரே விரலால் ரிஷபத்திலிருந்து மத்யமம் வரை ஜாருவாக இழைத்தால்தான் சாரங்கம் வாய் திறக்கும். ராக் கிதாரில் வேகத்துக்காகப் பழகும் தட்டலும் சுண்டலும் இங்கே பாதி வேலைக்குத்தான் உதவும்.

அந்த மீதிப் பாதியை ஸ்லைடிலும் பெண்டிலும் தேடியவர் ராணிப்பேட்டையில் பிறந்த ஆர். பிரசன்னா. சென்னை ஐஐடியில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்து, பின் பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனவர், வயலின் கலைஞர் ஏ. கன்யாகுமாரியிடமும் பயின்றவர். கோலால் தந்தியை உரசும் மோகன வீணை என்ற கிதார் வகையின் வழியில் போகாமல், வழக்கமான மெட்டுக் கிதாரிலேயே கீர்த்தனைகளை வாசித்தார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக அவர் 2006-ல் வெளியிட்ட ‘எலெக்ட்ரிக் கணேசா லேண்ட்’ தொகுப்பில் ராக் கிதாரின் பெண்டும் கமகமும் ஒரே கையிலிருந்து வருகின்றன.