அதிபரைத் தேர்ந்தெடுப்பது மக்களா, நாடாளுமன்றமா? சிங்கப்பூரில் இந்தக் கேள்வி ஏன் இன்னும் முடியவில்லை

சிங்கப்பூரில் இதுவரை இந்திய வம்சாவளியினர் மூவர் அதிபராகியிருக்கிறார்கள். மூவரும் இஸ்தானாவுக்குப் போன வழி வேறு வேறு.

1981இல் தேவன் நாயரை நாடாளுமன்றம் தேர்ந்தெடுத்தது. 1999இலும் 2005இலும் எஸ் ஆர் நாதன் போட்டியின்றி அதிபரானார். 2023 செப்டம்பர் 1ஆம் தேதி தர்மன் சண்முகரத்னத்துக்கு 70.4 விழுக்காட்டு வாக்குகள் கிடைத்தன. போட்டியுள்ள அதிபர் தேர்தலில் சீனரல்லாத ஒருவர் வென்றது அதுவே முதல் முறை.

ஒரே பதவிக்கு ஏன் இத்தனை வழி?

<b>முதலில் நாடாளுமன்றம்தான்</b>

1965இல் யூசோஃப் இஷாக் தொடங்கி வீ கிம் வீ வரை நான்கு அதிபர்களையும் நாடாளுமன்றமே தேர்ந்தெடுத்தது. அப்போது அதிபர் நாட்டின் அடையாளம். அரசாங்கத்தைத் தடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை.

1980களில் ஒரு கவலை எழுந்தது. பல ஆண்டுகள் சேர்த்துவைத்த நிதியிருப்பை, நாளை வரும் ஓர் அரசாங்கம் ஒரே தவணையில் செலவழித்துவிட்டால்? பெட்டகத்துக்கு இரண்டாவது சாவி வேண்டும், அது அதிபரிடம் இருக்கட்டும் என்று முடிவானது. மக்கள் தேர்ந்தெடுத்த அரசாங்கத்திடம் 'முடியாது' என்று சொல்பவரை யார் தேர்ந்தெடுப்பது? அவரையும் மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது அரசாங்கம். 1991இல் அரசமைப்புச் சட்டம் மாறியது. 1993இல் முதல் வாக்களிப்பு. ஓங் தெங் சியோங் வென்றார்.

அந்தச் சாவி வெறும் பேச்சு இல்லை. உலகப் பொருளாதார நெருக்கடியின்போது, 2009இல், 4.9 பில்லியன் வெள்ளியை எடுக்கத் திரு நாதன் ஒப்புதல் தந்தார். கொவிட் பரவிய 2020இல் 52 பில்லியன் வெள்ளி வரை எடுக்கத் திருவாட்டி ஹலிமா யாக்கோப் இணங்கினார்.

<b>சிக்கல் எங்கே?</b>

ஓட்டுக் கேட்டு வருபவரிடம், 'எனக்கு என்ன செய்வீங்க?' என்று கேட்பதுதான் இயல்பு. வாடகை, விலைவாசி, வேலை எல்லாம் பேச்சில் வரும். ஆனால் இவை எதையும் மாற்றும் அதிகாரம் அதிபருக்கு இல்லை. நிதியிருப்பு, முக்கியப் பொதுத்துறை நியமனங்கள் போன்ற சிலவற்றில்தான் அவர் சொந்தமாக முடிவெடுக்கலாம். அங்கேயும் எல்லை உண்டு. அதிபர் ஆலோசகர் மன்றத்தின் பரிந்துரைக்கு மாறாக அவர் மறுத்தால், நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையுடன் அதைத் தாண்டிச் செல்லலாம்.

மக்களின் ஓட்டுடன் வந்த முதல் அதிபரே இந்த இழுபறியை வெளிப்படையாகச் சொன்னார். நிதியிருப்பின் முழுப் பட்டியலைக் கேட்டபோது, அதைத் தயாரிக்க ஒரே ஆள் செய்தால் 56 ஆண்டு பிடிக்கும் அளவுக்கு வேலை இருக்கிறது என்று தமக்குப் பதில் வந்ததாக, 1999இல் பதவி விலகும் நேரத்தில் திரு ஓங் கூறினார்.

2011 தேர்தல் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. நால்வர் போட்டி. டோனி டான் 35.2 விழுக்காடு பெற்று வென்றார். டான் செங் போக்கைவிட 7,382 வாக்குகள் மட்டுமே அதிகம். நாட்டை ஒன்றிணைக்க வேண்டிய பதவிக்கு, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் வேறு ஒருவருக்கு வாக்களித்திருந்தார்கள்.

2016இல் தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் தலைமையிலான ஆணையம், பழைய முறைக்குத் திரும்புவதையும் யோசிக்கலாம் என்றது. அதிபரை மறுபடியும் நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கட்டும். நிதியிருப்பைக் காக்கும் பொறுப்பு தனியாக ஒரு நிபுணர் குழுவிடம் போகட்டும். அரசாங்கம் ஏற்கவில்லை. தடுக்கும் அதிகாரம் இருந்தால் மக்களின் ஆணையும் இருக்கணும் என்பதே அதன் பதில்.

<b>மற்ற நாடுகளில்?</b>

இந்தியாவில் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2022 தேர்தலில் ஓர் எம்.பி.யின் வாக்குக்கு மதிப்பு 700, தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.க்கு 176. இன்னமும் 1971 மக்கள்தொகைதான் கணக்கு! அங்கே நிர்வாகம் பிரதமர் கையில் என்பதால் இதுபற்றிப் பெரிய சண்டை இல்லை.

அமெரிக்காவில் அதிபரே ஆட்சி செய்பவர். தேர்வாளர் குழுவின் 538 வாக்குகளில் 270 எடுத்தால் போதும். 2016இல் டோனல்ட் டிரம்ப் மக்கள் வாக்குகளில் சுமார் 2.9 மில்லியன் பின்தங்கியும் வென்றார். மாநிலங்களே இல்லாத சிங்கப்பூருக்கு அந்த முறை பொருந்தாது. நமக்கு உள்ள தேர்வு மக்கள் அல்லது நாடாளுமன்றம்.

<b>உண்மையில் நாம் எத்தனை முறை வாக்களித்தோம்?</b>

இந்த விவாதத்தில் அதிகம் கவனிக்கப்படாதது இதுதான். 1993 முதல் ஆறு அதிபர் தேர்தல்கள் வந்தன. வாக்களிப்பு நடந்தது மூன்றில் மட்டும்: 1993, 2011, 2023. 1994இல் 21 வயதானவர் முதல் முறையாக அதிபருக்கு ஓட்டுப் போட்டபோது அவருக்கு ஏறக்குறைய 38 வயது.

காரணம், தகுதி விதிகள். அமைச்சர், தலைமை நீதிபதி போன்ற பொறுப்புகளில் மூன்றாண்டாவது இருந்திருக்க வேண்டும். தனியார் துறையிலிருந்து வருபவர், சராசரியாக 500 மில்லியன் வெள்ளி பங்குதாரர் மூலதனம் கொண்ட, லாபம் ஈட்டும் நிறுவனத்தை நடத்தியிருக்க வேண்டும். 2017 தேர்தல் மலாய்ச் சமூகத்திற்கு ஒதுக்கப்பட்டது. திருவாட்டி ஹலிமா மட்டுமே தகுதி பெற்றார். ஓட்டுப் போடத் தயாராக இருந்த பலருக்கு அது ஏமாற்றம்தான்.

ஆக, மக்களின் ஆணை என்பது விதியில் எப்போதும் இருக்கிறது, நடப்பில் பாதி நேரம் இல்லை. ஓட்டே விழாமல் அதிபராகிறவரிடமும் அதே இரண்டாவது சாவிதான். அதிகாரத்தில் சட்டப்படி எந்த வித்தியாசமும் கிடையாது. நேரடித் தேர்தல் வேண்டும் என்பவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டிய இடம் இது என்று எனக்குத் தோன்றுகிறது.

திரு தர்மனின் ஆறாண்டுத் தவணை 2029 செப்டம்பரில் முடிகிறது. அதற்குள் அடுத்த தேர்தல். ஒருவர் மட்டுமே தகுதி பெற்றால், அப்போதும் வாக்களிப்பு இருக்காது.