கைப்பிடியின் வலிமை: தொழுநோய்க் கை மறுசீரமைப்பில் தசைச்சுருக்க அளவீடு

தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்த இயலாது, தசையே கெட்டுவிட்டதால் புண்ணும் ஆறாது என்ற எண்ணம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மருத்துவர்களிடையேயும் நிலவியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இவ்வெண்ணம் தகர்ந்த வரலாறு பெரும்பாலும் தொண்டின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கையில் எத்தசை சுருங்குகிறது, எது சுருங்கவில்லை, சுருங்கும் தசை எவ்வளவு விசை தருகிறது என்ற அளவீட்டு வினாவே அதன் அடித்தளம் என்பது போதிய கவனம் பெறவில்லை.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், இலண்டனில் மருத்துவம் பயின்று 1946இன் இறுதியில் வேலூருக்கு வந்தார். அடுத்த ஆண்டு, இராபர்ட் காக்ரேன் பொறுப்பில் இருந்த செங்கல்பட்டுத் தொழுநோய் நிலையத்தைப் பார்வையிட்டார். அங்கு மடங்கிய விரல்களையுடைய நோயாளி ஒருவரிடம் தம் கையை இறுகப் பற்றுமாறு கேட்டார். தளர்ந்த பிடியை எதிர்பார்த்தவருக்கு, நகங்கள் தசையில் பதியும் அளவுக்கு வலித்தது. 'செயலிழந்த' கையில் வலிமைமிக்க தசைகள் எஞ்சியிருந்தன. கருவி ஏதுமின்றி நிகழ்ந்த இதனை, இத்துறையின் முதல் அளவீடு எனக் கொள்வதில் தவறில்லை.

தொடர்ந்து நடந்த பரிசோதனைகளில் ஓர் ஒழுங்கு புலப்பட்டது. அல்நார் நரம்பு முழங்கைக்குச் சற்று மேலும், மீடியன் நரம்பு மணிக்கட்டருகிலும் தாக்கப்படுகின்றன. இரண்டும் தோலுக்கு அண்மையில், உடலின் உள்வெப்பத்தினும் குளிர்ந்த பகுதிகளில் செல்பவை. ஆகவே உள்ளங்கையின் சிறுதசைகள் செயலிழக்க, முன்கையின் நெடுந்தசைகளுள் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்கின்றன. ரேடியல் நரம்பு அரிதாகவே பாதிக்கப்படுகிறது. சிறுதசைகளின் கட்டுப்பாடு இல்லாத நிலையில் நெடுந்தசைகள் இழுப்பதால் விரல்கள் வளைநகம்போல் மடங்குகின்றன. உருக்குலைவுக்குக் காரணம் தசைகளுக்கிடையிலான சமனின்மையே, அழுகல் அன்று.

சமனின்மையைத் திருத்த, ஒவ்வொரு தசையின் நிலையையும் தனித்தனியே அறிய வேண்டியிருந்தது. அதற்கான அளவுகோலைப் போர்க்காலம் தந்திருந்தது. நரம்புக் காயங்களை மதிப்பிடப் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1943இல் வெளியிட்ட முறையில் 0 முதல் 5 வரை தரங்கள் உண்டு. சுருக்கமே இல்லையெனில் 0. துடிப்பு மட்டும் தெரிந்தால் 1. புவியீர்ப்பை விலக்கினால் அசைவு எனில் 2. புவியீர்ப்பை எதிர்த்து அசைவு எனில் 3. தடையையும் ஓரளவு எதிர்த்தால் 4. இயல்பான வலிமை 5.

இத்தரங்களின் முக்கியத்துவம் தசைநாண் மாற்று அறுவையில் விளங்கும். நலமான தசையின் நாணைப் பிரித்து, செயலிழந்த தசையின் பணிக்கு இணைக்கும் சிகிச்சை அது. இடம் மாறிய தசை ஏறத்தாழ ஒரு தரம் வலிமை இழக்கும் என்பது அறுவை மருத்துவர்களின் பொது விதி. எனவே 3ஆம் தரத் தசையை மாற்றுவதால் பயனில்லை. கொடைத்தசை பழைய பணியில் எப்போது சுருங்கியது என்பதும் கருதப்பட்டது. பொருளைப் பற்றும்போது மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகள் தாமே சுருங்குவதால், அவற்றுக்குப் புதிய பணியைக் கற்பிப்பது எளிது. பிராண்ட் முதல் மாற்றறுவையை 1948இல் செய்தார். 1952இல் இலண்டனில் ஹண்டேரியன் உரையாகவும், 1958இல் எலும்பு மூட்டு அறுவை ஆய்விதழில் கட்டுரையாகவும் தம் பட்டறிவை வெளியிட்டார்.

தர எண் காட்டாத ஒன்றும் உண்டு. துருப்பிடித்த பூட்டொன்றைப் பிராண்டால் திறக்க இயலாதபோது, தொழுநோயுற்ற சிறுவன் சாவியைத் திருகித் திறந்த நிகழ்ச்சியை அவரே பதிவுசெய்துள்ளார். சிறுவனின் விரல் எலும்பு தெரியுமளவு கிழிந்திருந்தது. அவன் அதனை உணரவில்லை. இயல்பான கையில் தசைச்சுருக்கத்துக்கு எல்லை வகுப்பது வலி. வலியற்ற கையில் 5ஆம் தர வலிமையே காயத்துக்குக் காரணமாகிறது. நலமும் நோயும் தசையின் விசையால் மட்டும் வேறுபடுவதில்லை என்ற இந்தக் கண்டறிவு, அறுவையினும் நீண்ட பயனுடையது எனலாம்.

அளவுகோலிலும் குறை இருந்தது. 4ஆம் தரம் மிக அகலமானது. பாதி வலிமையும் முக்கால் வலிமையும் அதற்குள் அடங்கிவிடும். 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றபின் பிராண்ட் இதனைத் தசையின் கட்டமைப்பிலிருந்து அணுகினார். 1981இல் இருவருடன் இணைந்து எழுதிய கட்டுரை, முன்கை, கைத் தசைகளின் ஒப்பீட்டு இழுவிசையையும் இயங்குநீளத்தையும் அட்டவணைப்படுத்தியது. இழுவிசையை நார்களின் மொத்தக் குறுக்குப்பரப்பும், இயங்குநீளத்தை நாரின் நீளமும் தீர்மானிக்கின்றன. தடித்த குறுந்தசை மிகுந்த விசையுடன் இழுத்தாலும் நெடுந்தொலைவு இழுக்காது.

களத்திலோ அளவீடு எதிர்த்திசையில் எளிமையடைந்தது. ஆறு தரங்கள் வலு, நலிவு, செயலிழப்பு என மூன்றாகச் சுருங்கின. சிறுவிரலை வெளிப்புறம் விரிக்கச் செய்து ஆய்வாளர் தம் விரலால் தடுத்துப் பார்த்தால் அல்நார் நரம்பின் நிலை தெரியும். உள்ளங்கையை மேல்நோக்கி வைத்துக் கட்டைவிரலைச் செங்குத்தாக உயர்த்தச் சொன்னால் மீடியன் நரம்பின் நிலை தெரியும். மின்கருவி எதுவும் வேண்டாத இச்சோதனை, வேலூருக்குத் தொலைவில் பழனிமலை அடிவாரத்து ஒட்டன்சத்திரம் போன்ற ஊர்களின் மருத்துவமனைத் திண்ணையிலும் செய்யத்தக்கது. சென்ற முறை 'வலு' எனக் குறிக்கப்பட்ட தசை இம்முறை 'நலிவு' எனத் தெரிந்தால், நரம்பழற்சி தொடங்கியுள்ளது என்று பொருள். ஆறு மாதத்துக்குட்பட்ட நலிவெனில் பிரெட்னிசலோன் அளித்து மீட்க வாய்ப்புண்டு. அது தவறினால் எஞ்சுவது தசைநாண் மாற்றறுவையே.