கடல்நீரேரிகளுக்கு நடுவே: சாவகச்சேரியின் நிலமும் குடிசனமும்

ஓர் ஊரின் வரலாற்றை எழுத முனைபவர் முதலில் அந்த ஊரின் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்பது எனது எண்ணம். அரசர்களையும் கல்வெட்டுகளையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எங்கே நல்ல தண்ணீர் ஊறியதோ அங்கேதான் மனிதன் குடிசை போட்டான். அது உவர்த்தபோது எழுந்து போனான். ஆனால் தண்ணீர் உவர்க்காமலே ஒரு சாரார் எழுந்து போக நேர்ந்த ஊர்களும் உண்டு. சாவகச்சேரி அவற்றில் ஒன்று. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் பற்றி எழுதும்போது நாம் சோனகத் தெருவோடு நின்றுவிடுகிறோம். தென்மராட்சியின் இந்தச் சிறு பட்டினம் நம்முடைய எழுத்திலும் ஓர் ஓரமாகவே கிடக்கிறது. அதன் நிலத்தையும் குடிசனத்தையும் ஒருசேர வைத்துப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

யாழ்ப்பாண நகரிலிருந்து ஏ9 வீதி வழியே கிழக்கே ஏறத்தாழ பதினாறு கிலோமீற்றர் போனால் சாவகச்சேரி. குடாநாட்டின் படத்தை விரித்துப் பார்த்தால் தென்மராட்சி முக்காற்பங்கு நீரால் சூழப்பட்டிருப்பது புலப்படும். வடக்கே தொண்டைமானாற்றுக் கடல்நீரேரி, மேற்கே உப்பாறு, தெற்கே யாழ்ப்பாணக் கடல்நீரேரி. கிழக்கே மட்டும் பச்சிலைப்பள்ளி வழியாக நிலத்தொடர்பு உண்டு. அது ஆனையிறவில் ஒடுங்கி வன்னியோடு சேர்கிறது. வலிகாமத்திலிருந்து இங்கே வருவதென்றால் நாவற்குழிப் பாலத்தையோ கோப்பாய் – கைதடிப் பாலத்தையோ கடந்தாக வேண்டும். இந்தப் பாலங்களை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அவை மீண்டும் வரும்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வலிகாமத்து வழுக்கையாறும் மழைக்காலத்தில் மட்டும் ஓடுவது. ஆண்டுக்குச் சுமார் 1,250 மில்லிமீற்றர் மழை. அதிலும் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மழை மண்ணுக்கடியிலுள்ள சுண்ணாம்புப் பாறையில் இறங்கி, அங்கே நிற்கும் உவர்நீரின் மேல் ஒரு நன்னீர்ப் படையாக மிதக்கிறது. உவர்நீர் கனமானது, நன்னீர் இலேசானது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. இதை மறுபக்கமாகப் புரட்டினால் பயம் வருகிறது. மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி உவர் ஏறும். துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் கிணறு தாங்கியது. இயந்திரம் வந்து இரவு பகலாக உறிஞ்சத் தொடங்கியபின் பல கிணறுகள் உவர்த்துப்போயின.

இந்தக் குறையை மாற்ற 1954ஆம் ஆண்டில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் ஒரு திட்டம் வரைந்தார். ஆனையிறவுக் கடல்நீரேரியில் கடல் நீர் புகாமல் தடுத்து, கனகராயன் ஆறு முதலியவை கொண்டுவரும் நீரால் அதை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிப் பக்கத்து நீரேரிக்கும் அங்கிருந்து உப்பாற்றுக்கும் விடுவது அதன் சாரம். 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்று மக்கள் அதை அழைத்தனர். சில அணைகள் கட்டப்பட்டன, வாய்க்கால் வேலை தொடங்கி இடையில் நின்றது, பிறகு யுத்தம் வந்தது. 2024இல் குடாநாட்டின் கிழக்குக் கரையில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டதை அந்தப் பழைய தாகத்தின் இன்னோர் அத்தியாயமாகவே நான் பார்க்கிறேன்.

இப்படிப்பட்ட நிலத்தில் யார் யார் வந்து குடியேறினர்? ஊரின் பெயரே ஒரு விடை சொல்கிறது. சாவகர் சேரி என்பதே சாவகச்சேரி ஆயிற்று என்பர். 1247இல் இலங்கைமீது படையெடுத்த சந்திரபானு மலாயத் தீபகற்பத்துத் தாம்பிரலிங்கத்திலிருந்து வந்தவன், பௌத்தன். பாண்டியர் கல்வெட்டுகளில் வரும் 'சாவகன்' என்ற பெயரோடும் வட இலங்கையில் அவனுக்கு இருந்த ஆதிக்கத்தோடும் இவ்வூர்ப் பெயரை ஆய்வாளர்கள் தொடர்புபடுத்துவர். அது சரியாயின், கடல் கடந்து வந்த அந்நியனின் பெயரை எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்து நிற்கும் ஊர் இது. வந்தவனின் வம்சம் தெரியவில்லை, மொழியும் மிஞ்சவில்லை, பெயர் மட்டும் இருக்கிறது.

முஸ்லிம்களின் குடியேற்றக் கதையும் இந்தத் தென்மராட்சி மண்ணைத் தொட்டே செல்கிறது. காயல்பட்டினத்திலிருந்து வந்த சோனகர் மிருசுவில்லை அடுத்த உசனில் முதலில் தங்கினர் என்றும், பின்னரே நல்லூர்ப் பக்கம் சென்றனர் என்றும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. நல்லூரிலிருந்து அவர்கள் எழும்ப நேர்ந்த கதையை மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை கூறுகிறது. நிலத்தை விற்க மறுத்த சோனகரின் கிணறுகளில் பன்றி இறைச்சி போடப்பட்டதாம். குடிக்கவும் சமைக்கவும் வழியின்றி அவர்கள் வெளியேறினராம். இது நடந்தபடி எழுதப்பட்டதா, கேட்டபடி எழுதப்பட்டதா என்பது வேறு விவாதம். ஒரு கூட்டத்தை எழுப்ப வேண்டுமானால் அவர்களது கிணற்றைத் தொட்டால் போதும் என்று அந்தக் காலத்துச் சமூகம் அறிந்திருந்தது என்பதே எனக்கு முக்கியம். சாதியின் பேரால் பொதுக்கிணறுகள் மறுக்கப்பட்டவர்கள் இதே குடாநாட்டில் இருபதாம் நூற்றாண்டிலும் போராட வேண்டியிருந்தது. தண்ணீர் அருமையான இடத்தில் கிணறுதான் எல்லைக்கல்.

ஆங்கிலேயர் காலத்தில் சாவகச்சேரிக்கு ஒரு புதுத் திருப்பம் வந்தது. 1902இல் வடபகுதி இரயில் பாதையின் முதற் பகுதி காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையில்தான் திறக்கப்பட்டது. கொழும்போடு அது இணைந்தது 1905இல். தொடக்கத்தில் குடாநாட்டின் இரயில் முடிவடைந்த இடம் சாவகச்சேரி. மாம்பழம், பலாப்பழம், தேங்காய், மட்டுவில் கத்தரிக்காய், கச்சாய்க் கரையின் இறால், எல்லாம் கூடும் சந்தையும் இங்கே. சந்தை இருந்தால் வணிகர் வருவர். முஸ்லிம்கள் வியாபாரமும் தையலுமாக இந்தச் சந்தையை அண்டி வாழ்ந்தனர். அவர்களுக்கென்று பள்ளிவாசலும் இருந்தது. தோட்டக்காரரும் மீனவரும் கடைக்காரரும் ஒருவரையொருவர் நம்பி நடந்த பொருளாதாரம் அது.

இனிக் கணக்குக்கு வருவோம். 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அன்றைய யாழ்ப்பாண மாவட்டத்தின் தொகை 8,30,552. பின்னர் 1984இல் தனி மாவட்டமான கிளிநொச்சியைக் கழித்தாலும் ஏழு இலட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். இவர்களுள் இலங்கைச் சோனகர் ஏறத்தாழ பதினாலாயிரம் பேர். அடுத்து வடக்கில் முழுமையாக எடுக்கப்பட்ட மதிப்பீடு 2012ஆம் ஆண்டினது. அதில் மாவட்டத்தின் தொகை ஐந்து இலட்சத்து எண்பத்து மூவாயிரம் அளவில். சோனகர் ஈராயிரம் அளவில். இடையே முப்பத்தொரு ஆண்டுகள். இந்த இரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மாணவன், ஏதோ மெல்ல மெல்லக் குறைந்து போயிற்று என்று நினைக்கக்கூடும். அட்டவணையில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையிலுள்ள வெள்ளைத் தாளில் என்ன நடந்தது என்பதை அட்டவணை சொல்லாது.

நடந்தது இதுதான். 1990 ஒக்டோபர் 15இல் விடுதலைப் புலிகள் சாவகச்சேரி முஸ்லிம்களை வெளியேற்றினர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். குடாநாட்டில் இந்த வெளியேற்றம் தொடங்கிய இடம் சாவகச்சேரி. அதற்குப் பதினைந்து நாட்களின் பின், ஒக்டோபர் 30இல், யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்தில் வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாவின் ஒரு பகுதி எல்லாம் சேர்த்து வடக்கிலிருந்து துரத்தப்பட்டவர்கள் எழுபதாயிரத்துக்கு மேல். நகை, பணம், காணி உறுதி எல்லாவற்றையும் விட்டுச் சென்றனர். சோனகத் தெருவின் ஒக்டோபர் 30 நினைவுகூரப்படுகிறது, அது வேண்டியதே. சாவகச்சேரியின் ஒக்டோபர் 15 அவ்வளவாக நினைவில் இல்லை. தொகை சிறிதென்றால் துக்கமும் சிறிதாகிவிடுமா?

ஐந்து ஆண்டுகள் கழித்து அதே திகதி வேறு வடிவில் வந்தது. 1995 ஒக்டோபர் 30. இராணுவம் யாழ்ப்பாண நகரை நெருங்க, வலிகாமத்து மக்கள் அனைவரையும் தென்மராட்சிப் பக்கம் போகுமாறு புலிகள் அறிவித்தனர். இலட்சக்கணக்கான தமிழ் மக்கள் கொட்டும் மழையில், இரவோடிரவாக, மேலே நான் குறிப்பிட்ட பாலங்களை நோக்கி நகர்ந்தனர். முதியவர்களும் நோயாளிகளும் வழியிலேயே விழுந்தனர். சில நாட்களில் சாவகச்சேரியும் சுற்றுக் கிராமங்களும் தாங்க முடியாத அளவு மக்களால் நிரம்பின. பாடசாலை, கோயில், மரநிழல் எங்கும் மனிதர். சிறு குடிசனத்துக்கென்று அமைந்த கிணறுகள் பன்மடங்கு மக்களுக்குத் தண்ணீர் கொடுத்தன. 1996 ஏப்ரலில் தென்மராட்சியும் இராணுவத்திடம் வந்தபின் பெரும்பாலோர் வலிகாமம் திரும்பினர். மற்றோர் வன்னிக்குப் போயினர்.

அத்தோடும் முடியவில்லை. 2000 ஏப்ரலில் ஆனையிறவு முகாம் புலிகளிடம் வீழ்ந்தது. தொடர்ந்த போரில் சாவகச்சேரி கைமாறிக் கைமாறித் தரைமட்டமாயிற்று. தென்மராட்சி மக்களே இப்போது இடம்பெயர்ந்தனர். அவ்வாறு போனவர்களில் சிலர் தம் வீடுகளைப் பார்த்துவர 2000 டிசம்பரில் மிருசுவிலுக்கு வந்தபோது ஐந்து வயதுக் குழந்தை உட்பட எட்டுப் பேர் இராணுவத்தினரால் கொல்லப்பட்டனர். 2015இல் ஒரு சார்ஜன்டுக்கு மரண தண்டனை தீர்ப்பளிக்கப்பட்டது. 2020இல் ஜனாதிபதி அவருக்கு மன்னிப்பு வழங்கினார். சொந்த வீட்டைப் பார்க்க வருவதே உயிராபத்தான காரியமாக இருந்த காலம் அது.

இவற்றை வரிசையாகச் சொல்வது, ஒருவர் துயரை மற்றவர் துயரால் நேர் செய்வதற்காக அல்ல. 1990இல் போனவர்கள் ஓர் இனத்தவர் என்பதற்காகவே அனுப்பப்பட்டனர். 1995இல் போனவர்கள் போர் வந்ததால் நகர்த்தப்பட்டனர். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் அயலவரின் வீடு ஒரே நாளில் வெறுமையாவதை மௌனமாகப் பார்த்திருந்த ஊர், பத்தாண்டு கழியுமுன் தானும் வெறுமையாயிற்று. ஒரு சமூகத்தை எழுப்பிவிடலாம் என்ற நியாயம் ஓரிடத்தில் ஏற்கப்பட்டால், அது அந்தச் சமூகத்தோடு நிற்பதில்லை என்றே நான் இந்த வரலாற்றிலிருந்து விளங்கிக்கொள்கிறேன்.

வெளியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். படத்தில் பார்த்தால் அதுவும் கடல்நீரேரி நாடுதான். கற்பிட்டியும் ஒரு குடாநாடு, மணலுக்கடியில் மெல்லிய நன்னீர்ப் படை, சுற்றிலும் உவர். ஓலைக் கொட்டில்களின் நடுவே ஒரு கிணற்றை நூறு குடும்பம் பகிர்ந்துகொண்ட கதைகளை அங்குள்ள மூத்த பெண்களிடம் நான் கேட்டிருக்கிறேன். வரவேற்ற ஊராருக்கும் வந்தவர்களுக்கும் இடையில் காலப்போக்கில் உரசல் வந்தபோது, அதில் தண்ணீரும் காணியும் கூலி வேலையுமே முன்னால் நின்றன. தென்மராட்சியின் பழைய பாடம் அங்கேயும் படிக்கப்பட்டது.

2002 ஏப்ரலில் ரவூப் ஹக்கீமும் வேலுப்பிள்ளை பிரபாகரனும் உடன்படிக்கை செய்தனர். முஸ்லிம்கள் திரும்பலாம் என்றனர். 2009இல் போர் முடிந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு இரயில் மீண்டும் ஓடியது. சாவகச்சேரிச் சந்தையும் எழுந்து நிற்கிறது. ஆனால் திரும்பி வரும் முஸ்லிம் குடும்பத்தின் கணக்கு வேறு. 1990இல் ஒரு வீடாகப் போனது இன்று மூன்று, நான்கு குடும்பமாகப் பெருகி நிற்கிறது. இருந்த சிறு காணி ஒரு வீட்டுக்கே போதாது. சந்தையோரம் வாடகைக் கடையில் வாழ்ந்தவருக்குக் காட்ட உறுதியே இல்லை. அங்கே பிறவாத பிள்ளைகளுக்கு அது வாப்பாவின் ஊர்; அவர்களது ஊர் புத்தளம். திரும்புவதா, இல்லையா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். ஆனால் திரும்பாதவர் அந்த ஊரின் வரலாற்றிலிருந்தும் நீங்கியவர் ஆகமாட்டார்.

ஆகவே எனது வேண்டுகோள் இது. சாவகச்சேரியில் எந்த ஒழுங்கையில் யார் வீடு இருந்தது, எந்தக் கிணற்றில் யார் நீர் அள்ளினர், சந்தையில் எந்தக் கடை யாருடையது, பள்ளிவாசல் மையவாடியில் அடங்கியோர் யார் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் இன்று அறுபதைக் கடந்தவர்கள். அவர்கள் சொல்லக் கேட்டு ஒரு படமும் ஒரு பெயர்ப் பட்டியலும் இப்போதே எழுதப்பட வேண்டும். அதைப் புத்தளத்திலிருந்து நாம் மட்டும் செய்தால் பாதிதான் வரும். தென்மராட்சியின் தமிழ் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் தம் ஊர் வரலாற்று நூல்களில் அதைத் தம்முடையதாகச் சேர்த்தால்தான் முழுமை பெறும். கடல் கடந்து வந்த சாவகனின் பெயரை எழுநூறு ஆண்டுகள் காத்த ஊர், தன் சந்தையில் துணி தைத்துக் கொடுத்தவர்களின் பெயரை ஒரு தலைமுறைக்குள் தொலைத்துவிடக் கூடாது.