இரண்டு அயர்லாந்துகளின் ஆட்டக்காரர்: ஜானி கேரியும் 1950-இல் முடிந்த வழக்கமும்

1946 செப்டம்பர் 28 அன்று பெல்ஃபாஸ்டில் அயர்லாந்து அணி இங்கிலாந்திடம் 7–2 என்ற கணக்கில் தோற்றது. இரண்டு நாள் கழித்து, டப்ளினின் டேலிமவுண்ட் பார்க்கில் இன்னொரு அயர்லாந்து அணி அதே இங்கிலாந்தைக் கடைசிக் கட்டம் வரை தடுத்து நிறுத்தி, டாம் ஃபின்னி அடித்த ஒரே கோலில் தோற்றது. இரண்டு அணியிலும் ஆடியவர் ஜானி கேரி. விளையாட்டு நூல்கள் இதை ஒரு விநோதத் துணுக்காக மட்டுமே சொல்லி நகர்கின்றன. உண்மையில், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்த ஓர் ஏற்பாட்டின் இயல்பான விளைவு இது. அந்த ஏற்பாட்டின் கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவர் கேரி.

அயர்லாந்துக் கால்பந்தை 1880 முதல் நடத்திவந்தது பெல்ஃபாஸ்ட் சங்கம். 1921-இல் அயர்லாந்துக் கோப்பை அரையிறுதியின் மறு ஆட்டத்தையும் பெல்ஃபாஸ்டிலேயே ஆட வேண்டும் என்று டப்ளினின் ஷெல்போர்ன் கழகத்துக்கு உத்தரவு வந்தது. நாடே பிரிந்துகொண்டிருந்த நேரம் அது. தெற்குக் கழகங்கள் விலகி டப்ளினில் தனிச் சங்கம் கண்டன. 1923-இல் ஃபிஃபா அதை ஏற்றது. ஆனால் பின்னர் இரு சங்கங்களும் ‘அயர்லாந்து’ என்ற பெயரிலேயே அணிகளைக் களமிறக்கின. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் நாடுகளுடன் ஆண்டுதோறும் நடந்த போட்டியில் பெல்ஃபாஸ்ட் சங்கத்துக்கு மட்டுமே இடம். அதற்காகத் தெற்கில் பிறந்தவர்களையும் அது தயக்கமின்றி அழைத்தது.

1919-இல் டப்ளினில் பிறந்த கேரி, 1936-இல் செயின்ட் ஜேம்ஸஸ் கேட் கழகத்திலிருந்து 250 பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். மறு ஆண்டே நார்வேக்கு எதிராக டப்ளின் சங்கத்தின் அணியில் இடம் கிடைத்தது. உலகப் போரில் அவரது நாடு நடுநிலை வகித்தது. அவரோ பிரிட்டன் ராணுவத்தில் சேர்ந்து மத்தியக் கிழக்கிலும் இத்தாலியிலும் பணியாற்றினார். திரும்பியவரை யுனைடெட்டின் மேலாளர் மாட் பஸ்பி அணித்தலைவராக்கினார். முன்களத்தில் தொடங்கியவர் தற்காப்பு வரிசையில் நிலைத்தார். தேவைப்பட்டபோது கோல்கீப்பராகவும் நின்றார். 1948 எஃப்.ஏ. கோப்பை, 1949-இல் கால்பந்து எழுத்தாளர் சங்கத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது, 1952 லீக் பட்டம் ஆகியவை அவர் காலத்து அறுவடை.

1947 மே மாதம் கிளாஸ்கோவில் நடந்த காட்சி ஆட்டம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. பிரிட்டனை எதிர்த்த ஐரோப்பிய அணிக்குத் தலைவர் கேரி. பிரிட்டன் அணியில் ஆடிய ஜாக் வெர்னன், பெல்ஃபாஸ்ட் சங்கத்தின் ஆட்டக்காரர். ஒரே சங்கத்துக்கு ஆடிய இருவரில் ஒருவர் பிரிட்டனின் ஆள், மற்றவர் ஐரோப்பாவின் ஆள். அரசியல் எல்லை அப்போதே ஆடுகளத்துக்குள் நுழைந்துவிட்டது.

1949 செப்டம்பர் 21 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில், கேரியின் தலைமையில் டப்ளின் சங்கத்தின் அணி இங்கிலாந்தை 2–0 என வென்றது. கான் மார்ட்டின் பெனால்டியில் ஒரு கோல், பீட்டர் ஃபாரெல் ஒரு கோல். பிரிட்டனுக்கு வெளியிலிருந்து வந்து இங்கிலாந்தை அதன் மண்ணில் முதலில் சாய்த்த அணி இதுவே. அந்தப் பெருமையை 1953-இல் அங்கே வென்ற ஹங்கேரிக்குக் கொடுக்கும் வழக்கம் திருத்தப்பட வேண்டியது.

1950 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் சிக்கல் முற்றியது. மார்ட்டின் உள்ளிட்ட நால்வர் ஒரே தகுதிச் சுற்றில் இரு அயர்லாந்துகளுக்கும் ஆடினார்கள். டப்ளின் எதிர்த்தது, ஃபிஃபா தலையிட்டது. 1950 மார்ச்சில் வேல்ஸுடன் நடந்த ஆட்டத்தோடு பெல்ஃபாஸ்ட் சங்கம் தெற்கத்தியரை அழைப்பது நின்றது. கேரியின் கணக்கு டப்ளின் சங்கத்துக்கு 29 ஆட்டம், பெல்ஃபாஸ்ட் சங்கத்துக்கு 7.

பின்னாளில் பிளாக்பர்ன், எவர்ட்டன், லேட்டன் ஓரியண்ட், நாட்டிங்காம் ஃபாரஸ்ட் கழகங்களுக்கு அவர் மேலாளரானார். 1955 முதல் 1967 வரை அயர்லாந்துக் குடியரசு அணியின் பொறுப்பும் அவரிடமே இருந்தது. ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்ததோ சங்கத்தின் குழு. கேரி 1995-இல் காலமானார். அவர் மாறி மாறி ஆடிய இரு சங்கங்களின் அணிகள் ஒன்றையொன்று முதன்முதலாகச் சந்தித்தது 1978 செப்டம்பரில், டப்ளினில். ஆட்டம் கோலின்றிச் சமனில் முடிந்தது.