கொலைக்கு இட்ட பெயர்

கொலையுண்ட ஒருவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று இருக்கும். அவருடைய கொலைக்கு ஊரார் இடும் பெயர் வேறொன்றாக இருக்கக்கூடும். இவ்விரு பெயர்களும் எவ்வளவு நெருங்கியுள்ளன, எவ்வளவு விலகியுள்ளன என்பதைக் கொண்டே அச்சமூகம் மாண்டவரை எவ்வாறு கருதிற்று என்பதை ஓரளவு கணிக்கலாம்.

தமிழகத்துச் செய்தித்தாள்களும் வழக்கறிஞர்களும் நெடுங்காலமாகக் கைக்கொண்ட முறை ஒன்று உண்டு. 1911ஆம் ஆண்டு மணியாச்சி நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். அது 'ஆஷ் கொலை வழக்கு' ஆயிற்று. 1944ஆம் ஆண்டு சென்னை வேப்பேரியில் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் குத்துண்டு மாண்டார். அது 'லட்சுமிகாந்தன் கொலை வழக்கு'. 1952ஆம் ஆண்டு இரயில் பெட்டியில் கிடந்த டிரங்குப் பெட்டி ஒன்று தமிழகத்தையே நடுங்கச் செய்தது. அது 'ஆளவந்தார் கொலை வழக்கு'. மூன்றும் மாண்டவர் பெயராலேயே வழங்குகின்றன. ஆஷைச் சுட்டவரின் பெயரை நாடறியும். ஆயினும் வழக்கின் பெயர் ஆஷ் என்பதே. பிற்காலத்தில் இம்முறை தளர்ந்ததும் உண்மை. 'ஆட்டோ சங்கர் வழக்கு' என்ற பெயரைக் கேட்டவர் பலர். அதில் உயிரிழந்தோர் பெயர் ஒன்றேனும் சொல்லக்கூடியவர் சிலரே.

சிங்கப்பூரில் வழங்கும் பெயர்களை நோக்கினால் வேறுபாடு உடனே புலப்படும். 1981இல் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியும் பத்து வயதுச் சிறுவன் ஒருவனும் கொல்லப்பட்ட வழக்கை, கொன்றவனாகிய ஏட்ரியன் லிம்மின் பெயராலோ, 'தோ பாயோ சடங்குக் கொலைகள்' என்றோதான் சொல்வர். பேட்டையின் பெயர் உண்டு, சடங்கு உண்டு, குழந்தைகள் இல்லை.

சன்னி ஆங் வழக்கு இதனினும் தெளிவான சான்று. 1963 ஆகஸ்டு 27ஆம் நாள், சிங்கப்பூருக்குத் தெற்கேயுள்ள சகோதரித் தீவுகள் அருகே, இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி கடலில் மூழ்கிக் குளிக்க இறங்கினாள், மீளவில்லை. உடலும் கிடைக்கவில்லை. காதுக்கும் கண்ணுக்கும் சான்றில்லாத நிலையில், சூழ்நிலைச் சான்றுகளை மட்டுமே கொண்டு சன்னி ஆங் குற்றவாளி என 1965இல் ஜூரிமார் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 1967 பிப்ரவரியில் அவன் தூக்கிலிடப்பட்டான். உடலின்றிக் கொலைக்குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது சிங்கப்பூரில் அதுவே முதன்முறை. சட்டம் பயில்வோர் அதனைப் போற்றிப் படிப்பதில் வியப்பில்லை. ஆனால் பொதுமக்களுக்காக எழுதப்படும் கதைகளிலோ சன்னி ஆங்கின் காரோட்டத் திறம், விமானப் பயிற்சி, சட்ட அறிவு, துணிச்சல் எனப் பக்கம் பக்கமாய் விரியும். அப்பெண்ணைப் பற்றி எஞ்சுவது இவ்வளவே: மதுக்கடையில் பணிபுரிந்தவள், பெருந்தொகைக்குக் காப்புறுதி செய்யப்பட்டவள். அவள் பெயர் ஜென்னி சியோக் செங் கிட். இரு குழந்தைகளின் தாய். காப்புறுதித் தொகை நினைவில் நிற்கிறது, குழந்தைகள் நிற்கவில்லை.

தமிழரைப் பொறுத்தவரை மனத்தை மிகவும் உறுத்துவது வேறொரு பெயர். 1984 டிசம்பர் 12ஆம் நாளுக்குப் பிறகு அய்யாக்கண்ணு மருதமுத்து என்னும் தமிழர் ஒருவர் காணப்படவில்லை. முப்பது வயதைக் கடந்தவர். சாங்கிக் கடற்கரையருகே பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விடுமுறை விடுதிகளைப் பராமரிக்கும் வேலை அவருடையது. இரண்டாண்டுகளுக்கு மேல் சென்றபின், 1987 மார்ச்சு மாதம், அவரைக் கொன்றதாக ஆறுபேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதம் போதிய சான்று இல்லையெனக் கூறி அறுவரையும் நீதிமன்றம் விடுவித்தது. அது நிரபராதி என்னும் தீர்ப்பன்று. சான்று கிட்டினால் மீண்டும் வழக்குத் தொடுக்க இடம்தரும் விடுவிப்பு. ஆயினும் குற்றவாளி என்று எவரையும் எந்த நீதிமன்றமும் கூறவில்லை. ஆதலின் அவ்வறுவர் பெயர்களை இக்கட்டுரையில் எழுதுதல் முறையாகாது.

இந்நிகழ்ச்சிக்கு ஆங்கிலத்தில் வாய்த்த பெயரைத் தமிழாக்கினால் 'கறிக் கொலை' என்றாகும். உடல் எவ்வாறு மறைக்கப்பட்டது என்று போலீஸ் தரப்பு சொன்னதோ, அதிலிருந்து பிறந்த பெயர் அது. அதனை விரித்துரைப்பது தேவையற்றது. விரித்துரைத்தவர்கள் ஏற்கெனவே மிகப்பலர். அப்பெயரிலுள்ள இரு சொற்களையும் சற்று ஆராய்வதே போதும். 'கொலை' என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. உடல் கிடைக்கவில்லை, விசாரணையும் நடைபெறவில்லை. 'கறி' என்பதும் மெய்ப்பிக்கப்படவில்லை. மெய்ப்பிக்கப்படாத இரண்டை இணைத்து, ஐயத்துக்கு இடமேயில்லாத உண்மைபோல் உலகெங்கும் பரப்பிவிட்டனர். இவ்வழக்கில் ஐயமின்றி நிலைத்திருப்பது ஒன்றுதான்: அய்யாக்கண்ணு என்னும் மனிதர் ஒருவர் இருந்தார், பின்னர் இல்லை. அந்த ஒன்றைத்தான் பெயர் விட்டுவிட்டது.

இதில் தமிழாசிரியர்கள் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்றும் உளது. கறி என்பது தமிழ்ச்சொல். அதுவே ஐரோப்பியர் வாயிலாக ஆங்கிலம் சென்றது என்பது சொல்லாராய்ச்சியாளர் பலர் கொண்ட கருத்து. கடல் கடந்து சென்ற அச்சொல், தமிழர் ஒருவரின் மறைவுக்கு அடையாளச் சீட்டாகத் திரும்பி வந்தது. இந்தியர் எனின் கறி என்று எளிதில் நகைக்கும் பழக்கம் பல நாடுகளில் உண்டு. கொடுமையின் நடுக்கத்தோடு அந்நகைப்பும் கலந்ததாலேயே இப்பெயர் இத்துணை ஆண்டுகள் நிலைத்தது என்று கருதுவதில் தவறிருக்க முடியாது. வேறு இனத்தவர் ஒருவரின் மறைவுக்கு அவர்தம் உணவைப் பெயராக்கியிருந்தால் அது நாகரிகமாகக் கொள்ளப்பட்டிருக்குமோ?

இனி, மாண்டவர் பெயரைச் சூட்டிவிட்டால் மட்டும் மதிப்புச் செய்ததாகிவிடுமா எனின், ஆகாது. ஆளவந்தார் வழக்கே அதற்குச் சான்று. தலை ராயபுரம் கடற்கரையிலும், உடல் மானாமதுரையில் நின்ற இரயிலிலும் கிடைத்தன. குற்றம் செய்த கணவன் மனைவியருக்கு முறையே ஏழாண்டும் மூன்றாண்டும் சிறைத்தண்டனை கிடைத்தது. ஆளவந்தார் ஒழுக்கமற்றவர், அப்பெண்ணிடம் முறைதவறி நடந்தவர் என்பது எதிர்வாதம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அன்றுமுதல் இன்றுவரை அக்கதையைச் சொல்வோர், அவர் இறந்ததற்கு அவரே காரணம் என்னும் சாயலில்தான் சொல்லி வருகின்றனர். எதிர்வாதத்துக்கு மறுமொழி கூறவேண்டியவர் ஒருவரே. அவர் உயிரோடு இல்லை. லட்சுமிகாந்தன் நிலையும் அஃதே. பிறர் அந்தரங்கங்களை எழுதிப் பிழைத்த பத்திரிகையாளர் என்பதால் அவருக்காக இரங்கியவர் குறைவு. அவ்வழக்கு இன்று தியாகராஜ பாகவதரின் வீழ்ச்சிக் கதையாகவே மக்கள் மனத்தில் நிற்கிறது. குத்துண்டு வீழ்ந்தவர் அக்கதையின் முதல் காட்சியோடு மறைந்துவிடுகிறார்.

அய்யாக்கண்ணுவின் இயல்பைப் பற்றியும் பலவாறு எழுதியுள்ளனர். அவ்வாறு சொன்னவர்கள் எவரும் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டவர்கள் அல்லர் என்பதை மட்டும் படிப்போர் நினைவிற் கொள்ளவேண்டும்.

மாண்டவரின் குறைகளை மறைத்துவிடுவதுதான் மதிப்போ என்றால், அதுவும் அன்று. இளங்கோவடிகள் இதற்கு வழி காட்டியுள்ளார். சிலப்பதிகாரத்தைக் கொலையுண்டவன் ஒருவனின் வரலாறாகப் படித்துப் பார்த்தால் இது விளங்கும். கோவலன் மனைவியைப் பிரிந்தவன். மாதவியிடம் முன்னோர் தேடிய செல்வத்தைத் தொலைத்தவன். அடிகள் இவற்றுள் எதனையும் மறைக்கவில்லை. அவன் ஏழையர்க்குச் செய்த உதவிகளையும் கூறாது விடவில்லை. ஆனால் அக்குறைகளால்தான் அவன் வெட்டுண்டான், அது தக்கதே என்று எவரையும் எண்ணவிடவுமில்லை. பாண்டியன் அவையில் கண்ணகி எதற்காக வழக்குரைத்தாள்? கணவன் உயிர் மீளாது என்பது அவள் அறிந்ததே. 'கள்வன்' என்று அவனுக்கு இட்ட பெயரை நீக்கவே அவள் சென்றாள். சிலம்பு உடைந்தது, மாணிக்கப்பரல் தெறித்தது, அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. அப்பெயர் அப்போதே அழிந்தது. நாட்டு வளத்துக்கும் ஊர் அழகுக்கும் அடியடியாக இடம்தரும் அக்காப்பியத்தில், வாள் வீழ்ந்த செய்திக்குச் சில அடிகளே கிடைத்தன என்பதும் நோக்கத்தக்கது.

மேனாட்டிலும் இவ்வுணர்வு காலந்தாழ்த்தியேனும் தோன்றியுள்ளது. 1888இல் இலண்டன் வொயிட்சாப்பல் பகுதியில் ஐந்து பெண்கள் கொல்லப்பட்டனர். கொன்றவன் யாரென்றே தெரியாது. எனினும் 'ஜாக் தி ரிப்பர்' என்னும் கற்பனைப் பெயர் நூறாண்டுக்கு மேலாகப் புகழ்பெற்று விளங்குகிறது. ஹாலி ரூபன்ஹோல்ட் என்னும் வரலாற்றாசிரியை 2019இல் வெளியிட்ட 'ஐவர்' என்னும் நூலில், அப்பெண்களின் பிறப்பு, பெற்றோர், தொழில், திருமணம், வறுமை ஆகியவற்றை ஆவணங்களிலிருந்து திரட்டித் தந்தார். கொலைக் காட்சிகளை விவரிக்க மறுத்துவிட்டார். ஐவரும் விலைமகளிர் என்று சொல்லி வந்தது தவறு, மூவரைப் பற்றி அவ்வாறு கூறச் சான்றே இல்லை என்பது அவருடைய முடிபு. பழைய ஏடுகளைப் புரட்டப் பொறுமை இருந்திருந்தால் இதனை முன்னரே கண்டிருக்கலாம். நாட்டம் கொன்றவன்மீது இருந்ததால் எவரும் புரட்டவில்லை.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவிலும் இத்தகைய மறதிக்கு இடமளித்த நிகழ்ச்சி ஒன்று நடந்தது. அது கொலையன்று, விபத்து. 2013 டிசம்பர் 8ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையில் தனியார் பேருந்தில் அடிபட்டு ஒருவர் உயிரிழந்தார்; அதனையடுத்துக் கலவரம் மூண்டது. அது 'லிட்டில் இந்தியா கலவரம்' எனப் பெயர்பெற்றது. எரிந்த வாகனங்களின் கணக்கை அனைவரும் எழுதினர். மாண்டவர் குடித்திருந்தார் என்பதும் எங்கும் பரவிற்று. விசாரணைக் குழுவும் அதனைப் பதிவு செய்தது. உண்மைதான். அவர் பெயர் சக்திவேல் குமாரவேலு என்பதும், வயது 33 என்பதும், புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து கட்டுமான வேலைக்கு வந்தவர் என்பதும் அதே அளவு உண்மை. ஆனால் அடுத்த ஆண்டில் அவர் பெயரைத் தேக்காவிலேயே கேட்டிருந்தால் எத்தனை பேர் சொல்லியிருப்பர்?

பெயரும் ஊரும் வீழ்ந்த காரணமும் கல்லில் பொறித்து நடுகல் எடுத்தது தமிழ் மரபு. ஆநிரை மீட்டு மாண்ட, வேந்தனல்லாத எளிய வீரனுக்கும் அது கிடைத்தது. செங்கம் பகுதிக் கற்களில் அத்தகையோர் பெயர்களை இன்றும் படிக்கலாம். அய்யாக்கண்ணுவுக்குக் கல்லும் இல்லை, கல்லறையும் இல்லை. அவரைப் பற்றி இனி எழுத நேர்பவர், '1984ஆம் ஆண்டு அய்யாக்கண்ணு காணாமற்போன வழக்கு' என்று தலைப்பிடலாம். சட்டம் அறிந்ததற்கு மிகையாக அத்தலைப்பு ஒன்றும் கூறாது. திதி தெரியாதவர்க்கு அமாவாசையில் நீர்க்கடன் செய்வது வழக்கம். அங்கும் பெயரைச் சொல்லித்தான் நீர் வார்க்கவேண்டும்.