செம்மார்புக் குக்குறுவான்

செம்மார்புக் குக்குறுவான் மரங்கொத்தி வரிசையைச் சேர்ந்த பழந்தின்னிப் பறவை. பாகிஸ்தான் முதல் பிலிப்பைன்ஸ் வரை பரவியுள்ளது. சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் ஆல், அரசு, அத்தி மரங்களை நாடி வரும்.

அடையாளம்: சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிது, தடித்த அலகு, குட்டை வால். முதுகு இலைப்பச்சை. நெற்றியிலும் மார்பிலும் குங்குமச் சிவப்பு, தொண்டையும் கண்ணைச் சுற்றிய பகுதியும் மஞ்சள், வயிற்றில் பச்சைக் கீற்றுகள், கால்கள் சிவப்பு. இளம் பறவைக்குச் சிவப்பு இராது. இலைகளுக்குள் மறைந்துவிடுவதால் கண்ணுக்குமுன் காதுக்கே எட்டும். அலகைத் திறக்காமல் தொண்டையை உப்பி, ‘டொங்க் டொங்க்’ என நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேல் ஒலிக்கும். ஒலிக்கும்போது தலையை இருபுறமும் திருப்புவதே இடம் தெரியாமல் குழப்புகிறது என்பர். குளிர்காலக் காலைகளில் மொட்டைக் கிளை நுனியில் வெயில் காயும். நிறங்களைப் பார்க்க அதுவே நல்ல நேரம்.

பெயர் வரலாறு: 1776இல் ஜெர்மானியரான ஸ்டாட்டியஸ் முல்லர், பிலிப்பைன்ஸ் பறவையைக் கொண்டு இதற்கு அறிவியல் பெயரிட்டார், ‘இரத்தத் தலை’ என்பது அதன் பொருள். இந்தியப் பறவைக்கு 1790இல் பறவையியலாளர் லேதம் தனிப் பெயர் தந்தார். இன்று அது துணையினப் பெயர். சென்னை மாகாணப் படையில் மருத்துவராக இருந்த ஜெர்டன், 1839 முதல் சென்னை இலக்கிய, அறிவியல் இதழில் தீபகற்பப் பறவைகளின் பட்டியலை வெளியிட்டார். அவருடைய ‘இந்தியப் பறவைகள்’ 1862–64இல் வந்தது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘காப்பர்ஸ்மித்’ என்ற பெயர் செம்பு தட்டும் கன்னாரை நினைத்து வைத்தது. குக்குறுவான் என்ற தமிழ்ப் பெயரும் ஒலிக்குறிப்பாகவே தோன்றுகிறது. பெரிய குக்குறுவான்களின் குரலுக்கே அது கூடுதலாகப் பொருந்தும்.

வகைப்பாடு: வெப்பமண்டல ஆப்பிரிக்காவிலும் இதுபோல் தட்டொலி எழுப்பும் பழந்தின்னிச் சிறு குக்குறுவான்கள் உண்டு, அவற்றின் ஆங்கிலப் பெயரும் தகரம் தட்டுவோரிடமிருந்து வந்ததே. நெடுங்காலம் ஒரே குடும்பத்தில் வைக்கப்பட்ட இவை, மரபணு ஆய்வுகளுக்குப்பின் ஆசிய, ஆப்பிரிக்கக் குடும்பங்களாகப் பிரிக்கப்பட்டன. ஆசியப் பறவைகளின் பேரினப் பெயரும் மாறிவிட்டதால், பழைய நூல்களில் வேறு பெயர் காணலாம்.

கூடு: பட்ட கிளையின் அடிப்புறத்தில் வட்டப் பொந்து குடையும். மென்மையான முருங்கைக் கட்டை இதற்கு உகந்தது. இரண்டு முதல் நான்கு வெண்ணிற முட்டைகளிடும். ஆணும் பெண்ணும் அடைகாக்கும். பட்ட கிளைகளை எல்லாம் வெட்டிவிட்ட தெருவில், பழமரம் இருந்தாலும் இது கூடு வைக்க வழியில்லை.